சீனியர் ப்ராஜெக்ட்: பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பள்ளி திறக்கும். திறந்து பத்து நாளுக்குள் பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "அப்பா, இங்க ஒரு சைன்" என்று நிற்கும். மேலே 'சீனியர் ப்ராஜெக்ட்' என்று போட்டிருக்கும். பிள்ளை தானே ஒரு தலைப்பை எடுத்து, மாதக்கணக்கில் வேலை செய்து, அறிக்கை எழுதி, கடைசியில் ஒரு குழுவின் முன்னால் மேடையேறி விளக்க வேண்டிய வேலை அது. நாமும் நம் ஊர்ப் பள்ளியில் தெர்மாகோலில் எரிமலை செய்த நினைப்பில் கையெழுத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். பெரியவள் விஷயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோதுதான், இதை முடிக்காவிட்டால் ஜூனில் பட்டமளிப்பு மேடை ஏற முடியாது என்பது உறைத்தது.

அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு நான் மென்டராக, அதாவது கூட இருந்து வழிகாட்டும் பெரியவராக இருந்தேன். இரண்டு முறை பேனல் எனப்படும் மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

முதலில்: உங்கள் பள்ளி என்ன கேட்கிறது?

நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கட்டாயமாக இருந்தது. 2014-இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டு, வேண்டுமானால் அந்தந்தப் பகுதியின் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. பென்சில்வேனியாவிலும் மாநில அளவிலான கட்டாயம் போய்விட்டது, ஆனாலும் தொடரும் பள்ளிகள் உண்டு. ரோட் ஐலண்டில் டிப்ளமோ வாங்க வேண்டுமென்றால் படித்ததைச் செய்துகாட்டும் மதிப்பீடு ஒன்றை முடித்தாக வேண்டும். ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் மச்சான் சொல்வதைக் கேட்டு எதையும் முடிவுசெய்யாதீர்கள். பக்கத்து டிஸ்ட்ரிக்ட் நண்பர் சொல்வதைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பெயரும் ஊருக்கு ஊர் மாறும். சீனியர் ப்ராஜெக்ட், கேப்ஸ்டோன், கல்மினேட்டிங் ப்ராஜெக்ட், எக்ஸிபிஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். இன்னொரு குழப்பமும் இங்கே வரும். கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி ரிசர்ச்சை எடுக்கும் பிள்ளை 4,000 முதல் 5,000 சொற்களில் ஆய்வறிக்கை எழுதி, அதன்மேல் நேரில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐபி டிப்ளமோ என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற நீண்ட கட்டுரை உண்டு, அதற்கு 4,000 சொல் உச்சவரம்பு. இரண்டும் வெளி அமைப்புகளின் தேர்வுகள், பள்ளியின் சீனியர் ப்ராஜெக்ட் வேறு. அந்தத் தேர்வுக்கும் சீனியர் ப்ராஜெக்டுக்கும் ஒரே வேலையைக் காட்டலாமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். சில பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். கேட்காதவர் இரண்டையும் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பார்.

முதல் வாரத்திலேயே மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: விதிமுறைக் கையேடு, தேதிப் பட்டியல், ரூப்ரிக். ரூப்ரிக் என்பது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை. பெரும்பாலான பிள்ளைகள் அதை மே மாதம்தான் திறந்து பார்க்கிறார்கள். முதல் நாளே படிக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி ரூப்ரிக்கில் அறிக்கையைவிட, வேலை நடந்ததற்கான ஆதாரத்துக்கும் வாய்மொழி விளக்கத்துக்கும் கூடுதல் எடை இருந்தது. அது தெரியாமல் பெரியவள் இரண்டு மாதத்தை அட்டைப்பட வடிவமைப்பில் செலவழித்தாள்.

தலைப்பு: கைக்கு அடங்குகிறதா?

வழுக்கி விழுபவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள், அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாகவே. நாம்தான் காரணம். புற்றுநோய், செயற்கை நுண்ணறிவு, இந்தியக் கிராமங்களுக்குக் கல்வி என்று பெரிதாக எதையாவது எடுத்தால்தான் எடுபடும் என்று நினைக்கிறோம். இல்லையென்றால் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கு, கல்லூரி விண்ணப்பத்தில் போடலாம் என்கிறோம். கணக்கைப் பாருங்கள். முன்கூட்டி விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பல கல்லூரிகளில் நவம்பர் 1. வழக்கமான விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். சீனியர் ப்ராஜெக்டைப் பேனல் முன்னால் மேடையேறி விளக்குவதோ ஏப்ரல், மே மாதத்தில். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கியிருந்தாலொழிய கல்லூரிக்காக இதைச் செய்வதில் பெரிய பொருளில்லை. இதை ஒத்துக்கொண்ட வீடுகளில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நான் மென்டராக இருந்த பையன் முதல் நாள் என்னிடம் கொண்டுவந்த தலைப்பு, 'உலகப் பசியை ஒழிப்பது எப்படி'. நல்ல மனசு. நான் ஒரு உணவு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன், அதனால்தான் என்னைத் தேடி வந்தான். அவனிடம் நான் கேட்டது நாலே கேள்வி. எங்கே? யாருடையது? எத்தனை நாள்? எதை எண்ணப்போகிறாய்? முதல் கேள்விக்கு "ஆப்பிரிக்கா" என்றான். அங்கே எப்போது போகப்போகிறாய் என்றேன். சிரித்துவிட்டான்.

மூன்று வாரம் இப்படியே கேட்டுக்கேட்டு, அவன் தினமும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கே வந்து சேர்ந்தான்: பள்ளி கேஃபிடேரியாவில் கடித்துக்கூடப் பார்க்காமல் குப்பைக்குப் போகும் பழம். அதற்குப் பின்னால் ஒரு விதி இருப்பதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் பழம், காய்கறி, தானியம், புரதம், பால் என்று ஐந்து வகை தர வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர் அதில் குறைந்தது மூன்றை எடுக்க வேண்டும், அந்த மூன்றில் ஒன்று அரைக் கப் பழமோ காய்கறியோ ஆக இருக்க வேண்டும். தட்டில் அது இல்லாமல் வந்தால் பணம் வாங்கும் அம்மா, "ஒரு பழம் எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். பிள்ளைகள் ஒரு ஆப்பிளை எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு, நாலு எட்டு நடந்து தொட்டியில் போட்டுவிடுவார்கள். அரசு விதி ஒன்று குப்பைத்தொட்டி வரைக்கும் போய்ச் சேருவதை ஒரு பதினேழு வயதுப் பையன் கண்ணால் பார்த்துவிட்டான். உலகப் பசியில் தொடங்கியிருந்தால் இது அவன் கண்ணில் பட்டிருக்காது.

இந்த நாலு கேள்விகளையும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நாலுக்கும் ஒரே மூச்சில் பதில் வந்தால் தலைப்பு தயார். இடம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது. தினமும் கொண்டுபோய் விடப்போவது நீங்கள்தானே.

ஆய்வுதான் செய்ய வேண்டும் என்றில்லை. ஒரு கயாக் படகு செய்யலாம், முதியோர் இல்லத்தில் கைப்பேசி வகுப்பு எடுக்கலாம், மிருதங்கம் கற்கும் சிறுவர்களுக்குப் பயிற்சிப் பாடம் எழுதலாம். கைத்தொழில் வகை ப்ராஜெக்டை நம்மவர்கள் ஏனோ மட்டமாக நினைக்கிறார்கள். பேனலில் நான் பார்த்தவற்றில் மனதில் நின்றது, தாத்தாவின் பழைய லாரி எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டிய ஒரு பெண்ணுடையது. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது, கையில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது.

மென்டர் யார்?

பெற்றோர், உறவினர் மென்டராக இருக்கக்கூடாது என்று நிறையப் பள்ளிகள் சொல்கின்றன. பெரியவள் முதலில் பாட்டியின் சமையல் குறிப்புகளைத் தொகுப்பதாக எழுதி, என் மனைவியின் பெயரை மென்டராகப் போட்டாள். படிவம் அப்படியே திரும்பி வந்தது. மாற்று ஆள் தேடி முடிப்பதற்குள் நவம்பர் ஆகிவிட்டது.

தலைப்பை அறிந்தவராக, மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தரக்கூடியவராக ஒருவர் போதும். பெரிய பட்டம் பெற்ற, எப்போதும் பயணத்தில் இருக்கும் மருத்துவரைவிட, ஊர் நூலகத்தின் நூலகர் பல மடங்கு உதவுவார். பொது நூலக அட்டை இருந்தால் காசு கொடுத்துப் படிக்க வேண்டிய பல தரவுத்தளங்கள் இலவசம். தங்களிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்தும் தருவார்கள்.

மென்டருக்கு மின்னஞ்சல் எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். நீங்கள் எழுதாதீர்கள். ஐந்து வரி போதும்: நான் யார், என்ன செய்கிறேன், ஏன் உங்களிடம் வருகிறேன், எவ்வளவு நேரம் கேட்கிறேன், எந்தத் தேதிக்குள் கையெழுத்து வேண்டும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போகலாம். வெளியார் மென்டராக வந்தால் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கும் பள்ளிகள் உண்டு. அதற்குச் சில வாரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அனுமதி

சலிப்பான பகுதிதான், ஆனால் இதில் பிசகினால் செய்த வேலை மொத்தமும் செல்லாமல் போகும்.

சர்வே எடுப்பதென்றால் பள்ளியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். கேட்கப்படுபவர் 18 வயதுக்குக் கீழே என்றால் அவர் பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். இதே வேலையைப் பின்னால் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, சாதாரணக் கேள்வித்தாள் உட்பட, ஐஆர்பி எனப்படும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலைத் தொடங்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச அறிவியல் கண்காட்சியின் விதி. செய்து முடித்துவிட்டுப் போய் வாங்க முடியாது. பிள்ளைகளின் முகம் தெரியும் புகைப்படங்களும் சம்மதமில்லாமல் வேண்டாம்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது விசா. எச்-1பி விசாவில் வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4-இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. ப்ராஜெக்ட் என்ற பெயரில் ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப் கொடுத்து, முடிவில் உதவித்தொகை என்றோ பரிசு அட்டை என்றோ நீட்டினால் சிக்கல் வரலாம். லாப நோக்கில் நடக்கும் நிறுவனத்தில், மற்றவர்கள் காசு வாங்கிச் செய்யும் வேலையைச் சும்மா செய்வதும் அப்படித்தான். கோயில், நூலகம், உணவு வங்கி போன்ற இடங்களில் உண்மையான தன்னார்வப் பணி பொதுவாகப் பிரச்சினையில்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவை வேண்டாம்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

ப்ராஜெக்டுக்காக மேடை ஏறும் தேதியைச் சுவரில் எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஸ்லைடு முடிந்திருக்க வேண்டும், அதற்கும் நாலு வாரம் முன்னால் அறிக்கை. அப்படியே வந்தால் களவேலை பிப்ரவரி தொடக்கத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று வரும். இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து மாதம் இருப்பதுபோலத் தெரியும். அக்டோபர் முழுக்க விண்ணப்பக் கட்டுரை. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையிலிருந்து புத்தாண்டு வரை யாரும் மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார்கள். வடக்கு மாநிலங்களில் ஜனவரியில் பனிக்கு விடுமுறை. இதில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்னும் மூன்று வாரம் போச்சு. மிஞ்சுவது எட்டு, ஒன்பது வாரம்தான். அதில் செய்ய முடிவதுதான் ப்ராஜெக்ட்.

முடிந்தால் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே படிப்பதையும் அனுமதிக் கடிதங்களையும் முடித்துவிடுங்கள். என் சின்னவன் அப்படிச் செய்தான். வீட்டில் சத்தமே இல்லை.

ஏப்ரலுக்குப் பிறகு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். கல்லூரி முடிவு தெரிந்துவிடும், ப்ராம் எனும் பள்ளி நடன விருந்து வந்துவிடும், பிள்ளைக்கு ஒரு சோம்பல் பிடிக்கும். அதற்கு இங்கே 'சீனியரைடிஸ்' என்று ஒரு நோயின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

லாக்

எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன செய்தேன், என்ன பிசகியது என்று எழுதி வைக்கும் குறிப்பேடுதான் லாக். சில பள்ளிகள் இத்தனை மணி நேரம் என்று எண்ணிக் கேட்கும். மே மாதம் ஒரே இரவில் உட்கார்ந்து முப்பது பதிவு எழுதும் பிள்ளைகள் உண்டு. எல்லாப் பதிவும் ஒரே பேனா, ஒரே நீளம், எல்லா நாளும் வெற்றி. பேனலில் உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினியில் எழுதினால் கூகுள் டாக்ஸ் எப்போது எழுதப்பட்டது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும். அதே வசதி நேர்மையான பிள்ளைக்குச் சாட்சியாகவும் நிற்கும். அதனால் அறிக்கையை வேறெங்கோ எழுதிக் கடைசியில் ஒட்டாமல், முதல் வரியிலிருந்து ஒரே கோப்பில் எழுதுவது நல்லது.

கேஃபிடேரியாவில் குப்பைக்குப் போகும் பழத்தை நிறுக்கப் போன நம்ம பையன் கதைக்கு வருவோம். இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒன்று கடித்த பழத்துக்கு, ஒன்று முழுப் பழத்துக்கு. கையுறை. எங்கள் வீட்டில் மாவு நிறுக்கும் சமையலறைத் தராசை வாங்கிக்கொண்டு போனான். முதல் இரண்டு நாள் மும்முரமாக நிறுத்து எழுதினான். இரண்டாம் நாள் இரவு என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், வாளியோட வெயிட்டைக் கழிக்கவே இல்லை." இரண்டு வாளியும் வேறுவேறு கனம், அதோடு எந்த நாள் எதில் எது இருந்தது என்ற குறிப்பும் இல்லை. இரண்டு நாள் வேலை குப்பை. அழாத குறை. சரி, அதை அப்படியே லாகில் எழுது, நாளையிலிருந்து காலி வாளியை முதலில் நிறுத்துக்கொள் என்றேன். எழுதினான். கோபத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

அறிக்கை

இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. படித்த நூல்களைக் குறிப்பிடும் மேற்கோள் முறையில் எம்எல்ஏ, ஏபிஏ என்று இரண்டு வழக்கம் உண்டு; எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்காது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிப் பள்ளியின் விதி என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத்துப்பிழை பார்க்கலாம், பத்தியை மாற்றி எழுதித் தரக்கூடாது. ஆங்கிலத்தில் கெட்டிக்காரரான அப்பா எழுதிய வாக்கியத்துக்குப் பேனல் விளக்கம் கேட்டு, பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மேடை

வழக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடப் பேச்சு, பிறகு கேள்விகள். பேனலில் ஆசிரியர்களோடு என்னைப்போல ஊர்க்காரர்கள் சிலரும் இருப்போம். எங்களில் யாருக்கும் அந்தத் துறை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அதனால் ஒத்திகையை விஷயம் தெரியாத ஒருவர் முன்னால் வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி இருந்தால் பிரமாதம். தமிழில் சொல்லிப் புரியவைக்க முடிந்தால் பிள்ளைக்கே விஷயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் பிள்ளைகள் வேகமாகப் பேசுவார்கள். கைப்பேசியில் பதிவுசெய்து அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். ஸ்லைடில் நாலு வரிக்கு மேல் இருந்தால் வாசித்துவிடுவார்கள், குறைத்துவிடுங்கள். கோப்பு பென் டிரைவிலும் இருக்கட்டும், மின்னஞ்சலிலும் இருக்கட்டும். அந்த நாளன்று பள்ளி வைஃபைக்கு என்ன வந்தாலும் வரும்.

எப்போதும் வரும் கேள்விகள் மூன்று. எது தவறிப்போனது? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? இந்த எண் எங்கிருந்து வந்தது? முதல் கேள்விக்கு "எல்லாம் நன்றாகவே நடந்தது" என்று சொல்லும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். மற்றவர்களும் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நம்ம பையன் அன்று கட்டம்போட்ட சட்டையும் டையுமாக நின்றான். பழத்தை ஏன் வீசுகிறார்கள் என்று கேட்டதில், பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் முழு ஆப்பிளைக் கடிக்கவே முடியாது என்று சொன்னதைக் காட்டினான். பிரிக்காத, கடிக்காத உணவை வைத்துவிட்டுப் போக, வேண்டியவர் எடுத்துக்கொள்ள ஒரு மேசை போடலாம் என்றான். 'ஷேர் டேபிள்' என்று மத்திய வேளாண் துறையே அதை அனுமதிக்கிறது, உள்ளூர்ச் சுகாதார விதிகளுக்கு உட்பட்டால் போதும். பேச்சு சுமார்தான். வேகமாகத்தான் பேசினான். பிறகு ஒருவர், "உன் அட்டவணையில் முதல் இரண்டு நாளைக் காணோமே?" என்று கேட்டார். பையன் லாகைத் திறந்து, கிழிந்த பக்கத்தைத் தூக்கிக் காட்டினான். வாளிக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அவன் குரல் நிதானமானது. அடுத்த பத்து நிமிடம் பேனல் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தது.

முடிந்த பிறகு

மென்டருக்குப் பிள்ளை கையால் ஒரு நன்றிக் கடிதம். அனுமதி கொடுத்த இடத்துக்கு அறிக்கையின் ஒரு பிரதி. கேஃபிடேரியா மேலாளர் தன் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் மறக்கும் ஒன்று. பட்டமளிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள். அறிக்கை, படங்கள், லாக் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஜூன் மாதமே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். பெரியவளுடைய சமையல் குறிப்புத் தொகுப்பு, பாட்டியின் குரல் பதிவோடு, அப்படித்தான் போனது.

கடன் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். தராசு ஜூலையில்தான் வந்தது. புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தான்.